இரண்டு விரலுக்குத் திரும்பும் ஸ்டீரிங்

மச்சான்,

இப்போது நான் சொல்லப்போகும் கதையை மர்பி டவுனில் ஒரு ஜீவன்கூட நம்பாது என்று, இந்த ஆயுத பூஜை நன்னாளில், நசுங்கிய நாலு எலுமிச்சம்பழங்கள் சாட்சியாக உறுதி கூறுகிறேன். நீ நம்பாவிட்டாலும் எனக்குக் கவலையில்லை. உயிரோடு இருந்தபோது மட்டும் நான் சொன்ன எதை நம்பினாய்?

காலையில் முன்சக்கரத்துக்கு அடியில் பழம் நசுங்கியது. அந்தப் புளிப்பு வாசனையும் புது ரப்பர் வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறியதும் உன்மேல் கோபம் கோபமாக வந்தது. செத்தவன்மேல் கோபப்படக் கூடாதாம். அதைச் சொன்னவனுக்கு உன்னைத் தெரியாது.

நம் காரை ஜோகுபாளையத்தில் ஒரு கொட்டகைக்குள்ளிருந்து மீட்டோமே, நினைவிருக்கிறதா? சீமையில் பிறந்த, நம் இருவரையும்விட மூத்த, கூரையில்லாத சிவப்புக் கார். அதற்குள் ஏழு தலைமுறைக் கோழிகள் குடியிருந்தன. கடைசிக் கோழியைக் காலி செய்ய வைக்க நாம் கோர்ட்டுக்குப் போனோம் என்று நான் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன். இரண்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் படுத்துக் கிடந்து அதை ஓடவைத்தோம். ஓடியதும் ஸ்டீரிங் பக்கம் நீ உட்கார்ந்தாய். பக்கத்து சீட்டில் நான். அப்படியே இருபது வருஷம்.

"ஒரு ரவுண்டு குடு மச்சான்" என்று கேட்டால், "உன்னுது மம்பட்டி புடிக்கிற கைடா. இதுக்குப் பால் கறக்குற கை வேணும்" என்பாய்.

அதில் இருந்தது அந்தக் காலத்து ஒல்லி டயர். ஒரு சாண்கூட அகலம் கிடையாது. பார்க்கிறவர்கள், "என்னா சார், சைக்கிள் டயரா?" என்று கேட்பார்கள். எனக்கு மானம் போகும். நீ சிரிப்பாய். "ஒல்லி டயர் பேசும்டா. தடி டயர் உறுமும்" என்பாய். அது உண்மைதான். கப்பன் ரோட்டில் ஒரு ரூபாய் காசின்மேல் ஏறினால் பூ விழுந்ததா தலை விழுந்ததா என்று உன் உள்ளங்கைக்குத் தெரியும் என்று நானே ஊரெல்லாம் பரப்பினேன். அந்த வண்டியை நீ திருப்பி நான் பார்த்ததில்லை. லேசாகக் கேட்பாய், அது திரும்பிவிடும்.

பிறகு அந்த ஆயுத பூஜை வந்தது. உனக்குப் பரிசு என்று சொல்லி, முதல் நாளே வண்டியை வாங்கிப்போய், நாலு தடி டயர் மாட்டிக் கொண்டுவந்தேன். பழையதைவிட நாலு விரல்கடை அதிக அகலம். கழற்றிய பழசை உன் வீட்டிலேயே இறக்கிவைத்தேன். உன் இடது கை சரியில்லை என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. நீ டயரைச் சுற்றி வந்து பார்த்தாய். "வேணாம்டா, பழசையே மாட்டிரு" என்றாய். காரணம் சொல்லவில்லை. "தெருவே வந்து நிக்குது, இப்ப போய் கழட்டுவாங்களா?" என்றேன்.

உன் வீட்டு கேட்டைத் தாண்டினால் எதிரே சுவர். நின்ற இடத்திலேயே ஸ்டீரிங்கை வலது பக்கம் முழுசாக ஒடித்தால்தான் சந்துக்குள் போக முடியும். பவர் ஸ்டீரிங் என்ற சொகுசு பிறப்பதற்கு முன்பு பிறந்த வண்டி. நிற்கிற வண்டியில் தடி டயரைத் திருப்பினால், அத்தனை ரப்பரும் தரையைத் தேய்த்துக்கொண்டுதான் திரும்பும். வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து, எல்லோரும் காத்திருந்தார்கள். நீ இழுத்தாய். பாதி வந்து நின்றது. மறுபடி இழுத்தாய். உன் கழுத்து நரம்பு புடைத்தது.

"என்னாண்ணா, ஸ்டீரிங் துருப் புடிச்சிருச்சா?" என்றான் எதிர்வீட்டு ஆட்டோக்காரன்.

"ஸ்டீரிங் இல்லப்பா, டிரைவர்" என்றேன் நான்.

தெருவே சிரித்தது. நீ இஞ்சினை அணைத்தாய். இறங்கினாய். சாவியை என் கையில்கூடத் தரவில்லை, சீட்டின்மேல் போட்டாய். "நீயே ஓட்டு. நீயே வச்சுக்க" என்றாய். நான் ஏறி உட்கார்ந்து சுண்டுவிரலால் திருப்பினேன் என்று அன்று சொன்னேன். அடுத்த வருஷம், நூறு பயில்வான்கள் தோற்ற ஸ்டீரிங்கை நான் ஒருவனே திருப்பியதாகச் சொன்னேன். டீக்கடையில் கதை வளர வளர, நீ அந்தக் கடைப் பக்கம் வருவதையே விட்டுவிட்டாய்.

மூன்று வருஷம், மச்சான். நாலு தெரு தள்ளி இருந்துகொண்டு நீ என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் உன் வாசற்படி ஏறவில்லை. அந்தத் தடி டயர் உனக்காக என்னைப் பழிவாங்கியது. அல்சூர் ரோட்டில் பள்ளம் எந்தப் பக்கம் கூப்பிட்டதோ அந்தப் பக்கம் ஓடியது. வளைவில் மட்கார்டை உரசியது. வீட்டுக்கு வந்து தோளில் தைலம் தேய்த்துக்கொண்டு, "வெண்ணெய் மாதிரி போகுது" என்று ஊருக்குச் சொன்னேன்.

உன் காரியத்தன்று, நான் தங்கச்சி என்று அழைக்கும் உன் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "கட்டிலுக்கு அடியில பழைய டயர் நாலும் இருக்குண்ணா. நீங்க கேட்டு வருவீங்கன்னு கோணி சுத்தி வச்சிருந்தாரு" என்றாள். பிறகு மெதுவாக, "அந்த வருஷமே அவருக்கு எடது கையில பலம் போயிருச்சு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டாரு. சொன்னா ஸ்டீரிங்க வாங்கிக்குவான்னு பயம்" என்றாள்.

கோணியைப் பிரித்தேன். ரப்பர் வெடித்துப்போயிருந்தது. அதே அளவில் புதிதாகத் தேடி வாங்கி மாட்டினேன். இன்று காலை பூஜை முடிந்து, உன் வீட்டு வாசலில், அதே எதிர்ச்சுவருக்கு முன்னால் வண்டியை ஒரு முழம் நகரவிட்டு, ஸ்டீரிங்கைக் கேட்டேன். இரண்டு விரலுக்குத் திரும்பியது. ஒரு கையே போதும். அந்த ஒரு கை உன்னிடம் இருந்தது. பக்கத்து சீட்டில் உட்காரச் சொன்னதற்குத் தங்கச்சி, "வேணாம்ணா" என்று உள்ளே போய்விட்டாள்.

கோழிக்காகக் கோர்ட்டுக்குப் போனது பொய். காசு பொய். நூறு பயில்வான்களும் பொய். சுண்டுவிரலும் பொய், இரண்டு கையாலும் இழுத்தேன், ஒரு வாரம் தோளைத் தூக்க முடியவில்லை. ஒரே ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம். உன் கையைப் பற்றி என்னிடம் யாரும் சொல்லவில்லை. யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. அந்தப் பூஜைக்கு ஒரு வாரம் முன்பு, டீக்கடையில், இடது கையால் கிளாஸைத் தூக்கப் போனாய். அது மேஜையை விட்டு எழும்பவில்லை. நான் பார்க்கவில்லை என்று நினைத்து, வலது கைக்கு மாற்றிக்கொண்டாய்.

அன்று மத்தியானம்தான் நான் டயர் கடைக்குப் போய், தடி டயருக்குச் சொல்லிவைத்தேன்.