முதல் இரண்டு வரி

4 ஜூலை, வெள்ளி

விடிந்ததிலிருந்து தூறல். நேற்றுக் காயப்போட்ட பாப்பா துணி இன்னும் ஈரம். அடுப்படிக்குள் கயிறு கட்டித் தொங்கவிட்டாயிற்று. வீடு முழுக்கச் சோப்பு வாசனை.

இன்றைய வேலை: வலைப்பூவை வேறு இடத்துக்கு மாற்றுவது. இனியும் தள்ளிப்போட முடியாது. பழைய இடத்தில் என் எழுத்து வருவதற்கு முன்னால் விளம்பரங்கள் வந்து நிற்கின்றன. மலைமேல் கிடைக்கிற ஒற்றைக் கோடு சிக்னலில் யார் அதைத் திறந்து படிக்க முடியும்? கைக்குழந்தைக்கு என்ன கொடுக்கலாம், என்ன கூடாது என்று நான் எழுதுவது இங்கே இருக்கிற அம்மாக்களுக்காகத்தான். அவர்களுக்கே திறக்கவில்லை என்றால்?

கௌரிதான் சொன்னாள். மலையில் அந்தப் பக்கத்து ஊர்க்காரி, நேரில் பார்த்ததில்லை, வாட்ஸப் பழக்கம் மட்டும். பிரசவம் ஆகிச் சில நாள்தான் ஆகிறது. "அக்கா, உங்க பக்கம் சுத்திகினே கீது, தொறக்கவே மாட்டேங்குது" என்று அனுப்பியிருந்தாள். அதிலிருந்து மனசு கேட்கவில்லை.

பார்த்த கருவிகள்:

– ஒன்று: படங்களை இழுத்து இழுத்து வைக்கலாம். அழகு. ஆனால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். தமிழே பிடிக்கவில்லை அதற்கு. வேண்டாம்.
– இரண்டு: எல்லாமே இருக்கிறது. இருப்பதே தொந்தரவு. கனம்.
– மூன்று: வெறும் எழுத்துதான். முகப்பில் ஒவ்வொரு பதிவுக்கும் முதல் இரண்டு வரி. தொட்டால் மீதி வரும். பழைய போனிலும் திறக்குமாம். இலவசம்.

மூன்றாவதேதான். போனை மஞ்சப்பையில் போட்டு ஜன்னல் கம்பியில் கட்டி, அதிலிருந்து லேப்டாப்புக்கு நெட் எடுத்தேன். பை காற்றில் ஆடும்போதெல்லாம் நெட் போய்ப் போய் வந்தது.

பள்ளிக்கூடம் விட்டு என் வீட்டுக்காரர் பி. வந்தார். ஒரு கிண்டல் இல்லாமல் கணக்கு வாத்தியாருக்குப் பொழுது போகாது. "வூடு மாறுனா பால் காய்ச்சணும். இதுக்கு இன்னா காய்ச்சப் போற?" டீ காய்ச்சினேன்.

இதை உருவாக்கியவர் யாரென்று தெரியாது. எங்கோ உட்கார்ந்து ஒரு மனிதர், சிக்னல் இல்லாதவர்களையும் நினைத்துச் செய்திருக்கிறார். கீழே ஒரு கட்டம் இருந்தது, கருத்துச் சொல்ல. நன்றி என்று தமிழிலேயே எழுதி அனுப்பினேன். புரியாவிட்டால் போகட்டும்.

5 ஜூலை, சனி

தூறல் விட்டுவிட்டு. சப்பாத்தி மாவு தீர்ந்தது, வாங்க வேண்டும். பாப்பாவுக்கு லேசாக மூக்கொழுகல்.

பாப்பா தூங்கும்போதெல்லாம் பதிவுகளை மாற்றினேன். படத்தைச் சுருக்குகிற தளம் ஒன்று கிடைத்தது. ஒரு படத்தைக் கொடுத்தால் நொடியில் இளைத்துத் திரும்பி வருகிறது, முகம் மட்டும் மாறுவதில்லை. எனக்கும் அப்படி ஒன்று கிடைத்தால் தேவலை. மெதுவான சிக்னலில் நம் பக்கம் எப்படித் திறக்கும் என்று காட்டுகிற இன்னொரு தளமும் கண்டுபிடித்தேன். என் பக்கம் சட்டென்று வந்து நின்றது. கண் கலங்கிவிட்டது. பைத்தியம்தான் எனக்கு.

கடைசியாக மாற்றியது தேன் பதிவு. நான் அதிகம் பயந்து எழுதியது அது.

பாப்பா பிறந்தபோது பி.யின் அக்கா, கலா அண்ணி, செங்கத்திலிருந்து தேன் பாட்டிலும் தங்க மோதிரமுமாக வந்தார். சேனை தொட்டு வைக்க. மோதிரத்தைத் தேனில் தோய்த்துப் பிள்ளையின் நாக்கில் வைப்பார்கள், வைத்தவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். ஒரு வயது முடியும்வரை தேன் கூடவே கூடாது, சின்னக் குழந்தைக்கு உயிருக்கே ஆபத்தாகலாம் என்று டாக்டர் அம்மா அன்று காலையில்தான் சொல்லியிருந்தார். நான் "வேணாம் அண்ணி" என்றேன். அவ்வளவுதான் வந்தது வாயில். அவர் பாட்டிலைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அதனால் அந்தப் பதிவை எழுதும்போது அவர் முகமே முன்னால் நின்றது. முதலில் வழக்கத்தைப் புகழ்ந்து, பெரியவர்களைப் புகழ்ந்து, மலைத்தேனைப் புகழ்ந்து, எல்லாம் முடிந்த பிறகு கடைசியில் மெதுவாக: ஒரு வயது வரை வேண்டாமே.

மாலையில் அவரே போன். "இன்னாடி, கம்ப்யூட்டருக்கே சோறு ஊட்டிகினு கீறியா, புள்ளைக்கும் உண்டா?" வலைப்பூ புது வீடு போகிறது என்றேன். பாப்பா இன்னும் சரியாகப் பேசவில்லையா என்று கேட்டார். பிறகு சிரித்துக்கொண்டே, "நான் சேனை வச்சிருந்தா இந்நேரம் உம் பொண்ணு ஊரையே பேசி வித்திருப்பா" என்றார். சிரித்தேன். போனை வைத்த பிறகு சிரிப்பில்லை.

6 ஜூலை, ஞாயிறு

பெருங்காற்று. பாதிநாள் கரண்ட் இல்லை. பாப்பா நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்ததில் அவளுக்கே எரிச்சல், என் கையைத் தள்ளிவிட்டாள். சூடு இல்லை. கடவுளே நன்றி.

கௌரியிடமிருந்து: "தொறந்துடுச்சுக்கா!!" கூடவே தூங்குகிற குழந்தையின் படம். பொம்பளப் பிள்ளை. உள்ளங்கை அளவு முகம்.

பி.யிடம் இரண்டு தடவை காட்டினேன். மூன்றாவது தடவை அவரே கேட்டு வாங்கிப் பார்த்தார், என் திருப்திக்காக.

8 ஜூலை, செவ்வாய்

இருட்டிய பிறகுதான் வீடு வந்தோம். எழுதாமல் தூக்கம் வராது.

காற்றில் டவருக்கு என்னவோ ஆகி நேற்று முழுக்கச் சிக்னல் இல்லை. இன்று மதியம் வந்தது. பாப்பாவுக்குச் சாதம் பிசைந்துகொண்டிருந்தேன், போன் டிங் டிங் என்றது. கௌரி, நேற்று சாயங்காலம் அனுப்பியது:

"அக்கா உங்க பக்கத்துல மொதல்லயே தேன் பத்தி பாத்தேன். எங்க மாமனாரு மரமேறி எடுத்த தேனே கீது. நாளைக்கு சாய்ங்காலம் பேர் வைக்கிறோம், அப்பவே சேனையும் வைக்கிறோம். ரொம்ப நன்றிக்கா."

நாளைக்கு என்றால் இன்றைக்கு.

முதலில் புரியவில்லை. வேண்டாம் என்றுதானே எழுதினேன்? என் பக்கத்தை நானே திறந்தேன். கடைசியாக மாற்றியது என்பதால் முகப்பில் மேலேயே தேன் பதிவு. முதல் இரண்டு வரி:

"பிறந்த பிள்ளையின் நாக்கில் மலைத்தேன் தொட்டு வைப்பது நம் பெரியவர்கள் ஆசையாய்ச் செய்துவந்த நல்வழக்கம். நம் மலைத்தேனுக்கு ஈடான ஒன்று வேறெங்கும் கிடையாது…"

பிறகு மூன்று புள்ளி. "வேண்டாம்" என்பது தொட்டால் வரும் இடத்தில், அதுவும் அடியில்.

கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி, மறுபடி. "தேன் வேண்டாம்" என்று மெசேஜ் போட்டேன், ஒற்றை டிக்கோடு நின்றது. பி.க்கு அடித்தேன். என் குரலைக் கேட்டுப் பாப்பாவுக்குத்தான் ஏதோ என்று பயந்து, பெர்மிஷன் சொல்லிவிட்டு ஓடி வந்தார். விஷயத்தைச் சொன்னதும் திட்டவில்லை. பைக் சாவியைக் கீழே வைக்கவே இல்லை.

மூக்கொழுகுகிற பிள்ளையைத் தூறலில் எடுத்துப் போவதா, இங்கே யாரிடம் விடுவது என்று ஒரு நிமிஷம் மனசு அடித்துக்கொண்டது. ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர், குல்லா மேல் குல்லா. எங்கள் நடுவில் மூட்டை மாதிரி உட்கார்ந்து வந்தாள். வழியெல்லாம் பனி, திருப்பத்துக்குத் திருப்பம் ஹாரன். ஏற்கெனவே வைத்துவிட்டிருந்தால்? அதை மட்டும்தான் நினைத்தேன். சாமைக் கொல்லைகள் போனதும் ஓடை போனதும் கண்ணில் பட்டும் படவில்லை.

ஊருக்குள் விசாரித்துப் போனோம். வாசலில் செருப்புகள். உள்ளே ஆட்கள், புடவைத் தூளி, ஒரு தட்டில் வெற்றிலை, மோதிரம், தேன் பாட்டில். மூடி திறந்திருந்தது.

செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வணக்கம் சொல்லவில்லை. வாசலிலிருந்தே, "தேன் வைக்காதீங்க" என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள். கௌரியின் மாமனார், பெரிய மீசை, மோதிரத்தைக் கையில் எடுத்திருந்தவர், "யாரும்மா நீ?" என்றார்.

கௌரிக்குப் பாப்பாவைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, வாட்ஸப் படத்தில் பார்த்த முகம். "மாமா, இவங்கதான் அந்த எழுதற அக்கா."

இன்னும் வைக்கவில்லை. வைக்கவில்லை. அப்புறம்தான் செருப்பைக் கழற்றினேன்.

டாக்டர் சொன்னதை முழுசாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "நல்லதுன்னு நீதான எழுதுன?"

"அது மேல பாதிங்க. வேணாம்னு கீழ எழுதிகீறேன்."

"வேணாம்னா அத மேல எழுதறதுதான?"

பெரியவர்கள் மனசு நோகக் கூடாதென்றுதான் கீழே வைத்தேன் என்று ஒரு பெரியவரிடமே எப்படிச் சொல்வது?

மோதிரத்தைத் தட்டில் வைத்தார். "சரி, அப்ப இன்னாத்த தொட்டு வைக்கிறது?" கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். அது என் பதிவில் இல்லை. வேண்டாம் என்பதோடு நின்றுவிட்டேன்.

பேர் மட்டும் வைத்தார்கள். யாழினி. சேனை அப்புறம் பார்க்கலாம் என்று தட்டை உள்ளே எடுத்துப் போனார்கள். கேசரி கொடுத்தார்கள், பி. என்னுடையதையும் சேர்த்துச் சாப்பிட்டார். கிளம்பும்போது மாமனார் பாப்பாவைப் பார்த்து, "இதுக்கு வயசு தாண்டிடுச்சில்ல?" என்று கேட்டார். ஒன்றரை என்றேன். அந்தத் தேன் பாட்டிலை மூடி என் கையில் கொடுத்தார். "எடுத்துகினு போம்மா. எறங்கி வந்த தேன், யாராச்சும் திங்கணும்."

பாப்பா விரலை விட்டு நக்கினாள். மூக்கு, கன்னம், என் தாலிக்கயிறு வரைக்கும் தேன்.

9 ஜூலை, புதன்

வெயில். துணி காய்ந்தது.

அந்தக் கருவியிலேயே ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது, "சுருக்கம்". முகப்பில் என்ன தெரிய வேண்டும் என்பதை நாமே எழுதலாம். முதல் நாளே இருந்திருக்கிறது, நான்தான் கீழே இறங்கிப் பார்க்கவில்லை. கௌரியைச் சொல்லிக் குற்றமில்லை, நானும் மேலே இருப்பதைத்தான் பார்த்திருக்கிறேன். கருவி செய்தவருக்கு இரண்டாவது நன்றி.

எல்லாப் பதிவுக்கும் புது முதல் வரி:

தேன் – ஒரு வயது முடியும்வரை வேண்டாம். ஒரு சொட்டும் வேண்டாம்.
கிரைப் வாட்டர் – டாக்டர் சொல்லாமல் வேண்டாம்.
மை – கண்ணுக்குள் வேண்டாம்.
சாமைக் கஞ்சி – ஆறு மாதத்துக்குப் பிறகு. கொடுக்கலாம், தாராளமாக.

கடைசி ஒன்றை எழுதும்போது மட்டும் நிம்மதி. தேன் வரியைப் போட்டுவிட்டுக் கலா அண்ணியை நினைத்தேன். அழிக்கவில்லை.

மாலையில் போன் வந்தது. அவரேதான். எடுக்கத் தயங்கினேன். வழக்கமான கிண்டல் இல்லை.

"இன்னிக்குத்தான்டி முழுசா படிச்சேன். மேல பெரிசா போட்டுகீறியே, இன்னாடான்னு உள்ள போனேன். டாக்டரா சொன்னாங்க?"

ஆமாம் அண்ணி என்றேன்.

"அத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா? என் கொணம் உம் பொண்ணுக்கு வந்துடப் போவுதுன்னு வேணாம்ன்றன்னு நெனச்சேன் நானு."

ஒன்றரை வருஷம். ஒன்றரை வருஷமாக அதை மனசில் வைத்துக்கொண்டா சிரித்துச் சிரித்துப் பேசினார்? "உங்க கொணம் வரட்டும்னு தவம் கிடக்கறேன் அண்ணி, எங்கொணத்த வச்சிகினு நான் படறது போதாதா" என்றேன். அந்தப் பக்கம் மூக்கைச் சிந்துகிற சத்தம். ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம். முறுக்கு சுட்டு எடுத்து வருகிறாராம்.

கௌரியிடமிருந்து மட்டும் ஒன்றும் இல்லை. நிறைந்த வீட்டில் அத்தனை பேர் முன்னால் செருப்போடு நின்று தடுத்தேன். கோபமாக இருக்கலாம். இருந்தாலும் பரவாயில்லை, பிள்ளை நன்றாக இருக்கிறது.

இருந்தாலும் ஒரு வரி அனுப்பலாம்.

10 ஜூலை, வியாழன்

மேகம். பாப்பாவுக்கு மூக்கு சரியாகிவிட்டது. மாவு வாங்கியாயிற்று. அண்ணி வருவதால் தலையணை உறை துவைக்க.

கௌரியின் குரல் மெசேஜ். பின்னால் குழந்தை சிணுங்குகிற சத்தம். அடுப்படியில் நின்றபடியே கேட்டேன்.

"அக்கா, ரெண்டு நாளா புள்ள ராவெல்லாம் முழிச்சிகினு கீது. பால் குடுத்துகினே உங்க பக்கம் பூரா படிச்சிட்டேன், இப்ப நல்லா தொறக்குது. ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் தவிர எதுவும் வேணாம்னு ஒன்னுல போட்டுகீறீங்க. அப்ப சேனைக்கும் தாய்ப்பாலே வச்சா இன்னான்னு மாமா கைல கேட்டேன். சரின்னுட்டாரு. ஆனா அவரு வைக்க மாட்டாராம். அந்தப் பொண்ணு வந்து வைக்கட்டும்னாரு. சனிக்கெழம வர்றீங்களாக்கா?"

உட்கார்ந்துவிட்டேன். தாய்ப்பால். மோதிரம் இருக்கும், பெரியவர்கள் இருப்பார்கள், தட்டு இருக்கும், எல்லாம் இருக்கும். எனக்கு ஏன் அன்று தோன்றவில்லை? அண்ணி சேனை வைக்காமல் திரும்பியிருக்க வேண்டாமே. இந்த வலைப்பூவை ஆரம்பித்த நாளிலிருந்து நான்தான் சொல்கிறேன், மற்றவர்கள் கேட்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். தேன் பதிவின் கடைசியில் இதையும் சேர்க்க வேண்டும். இல்லை, கடைசியில் இல்லை.

சிக்னல் இருந்தது, கூப்பிட்டுவிட்டேன். வைக்கிறவர் குணம் பிள்ளைக்கு வருமாமே கௌரி, நான் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள், வேறு யாராவது தைரியமானவர்கள் வைக்கட்டுமே என்றேன்.

அவள் யோசிக்கவே இல்லை. "பயந்துகினே மலையச் சுத்தி வந்தீங்களேக்கா. அந்தக் கொணம் வந்தா போதும்."

பி.யிடம் சொன்னேன். சனிக்கிழமைக்கு இப்போதே பெட்ரோல் போடப் போய்விட்டார்.

மோதிரத்தை முதலில் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுக்கச் சொல்ல வேண்டும். போனதும், வாசலிலேயே.