பன்னிரண்டு பதில்களில் ஏழு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம், உன் அம்மாவின் முழங்கால் உட்பட. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்பித்தான் மேற்கொண்டு எழுதுகிறேன், ஏனென்றால் இதை வெறும் வயிற்றில் படிப்பது நல்லதல்ல. போனில் சொல்லியிருக்கலாம், மூன்று முறை கூப்பிட்டு மூன்று முறையும் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன்.

வேலை மாற நினைப்பவர்களுக்கு கோச்சிங் கொடுக்கும் உன் தொழில் சூடுபிடித்துவிட்டது, மாதக் கடைசியில் ஆபீஸ் வேலையை ராஜினாமா செய்யப்போகிறேன் என்று போன வாரம் எழுதியிருந்தாய். வாரம் ஒரு மணி நேரம் வீதம் ஆறு மாதப் பயிற்சி என்று நீ முதலில் வைத்திருந்ததை ஒருவரும் சீந்தவில்லை, அதனால் ஒரு மாதம் ஆன்லைனில் இலவசமாக நடத்தி, வந்தவர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பி, வந்த பன்னிரண்டு பதில்களைப் படித்து, இன்றைய வாடிக்கையாளர் யார் என்று கண்டுபிடித்துவிட்டாய். அவர் முகம் காட்ட மாட்டார், வாய் திறக்காமல் டைப் செய்வார், இருபது நிமிடத்துக்கு மேல் தாங்க மாட்டார், இந்திய நேரப்படி காலை ஆறு மணிதான் அவருக்கு வசதி, எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், கோச் குறைவாகப் பேச வேண்டும். அவருக்காகத் தொழிலையே திருப்பிப் போட்டுவிட்டேன் என்றாய். நானும் நிதானமாகப் படித்தேன், ஆராய்ச்சியில் ஒரு குறையும் சொல்ல முடியாது, அந்தப் பன்னிரண்டு பேரில் ஏழு பேர் நாங்கள் என்பதைத் தவிர.

நடந்தது இதுதான். குடும்ப வாட்ஸாப்பில் நீ அறிவிப்பைப் போட்டதும், முதல் நாள் யாருமே வராவிட்டால் பிள்ளை மனம் ஒடிந்துவிடும் என்று அம்மா ஆரம்பித்தாள். அன்று சாயங்காலத்துக்குள் நான், அவள், பெரியப்பா, சித்தி வீட்டில் நான்கு பேர் என்று ஆள் சேர்த்துவிட்டாள். எல்லோருக்கும் புனைபெயர் வைத்ததும் அவள்தான். 'நீலக்கடல்' என்பது அவள், 'மாற்றம் தேடுபவன்' என்பது நான், பணி ஓய்வு பெற்று ஒன்பது வருடமாகியும். முகம் காட்டினால் நீ கண்டுபிடித்துவிடுவாய், அதனால் கேமரா கிடையாது, குரல் கிடையாது. காலை ஆறு மணி அம்மா சமையலறைக்குள் நுழைவதற்கு முன். பெரிய எழுத்து பெரியப்பாவின் கண்புரைக்காக. இருபது நிமிடம் சித்தப்பாவின் இடுப்பு தாங்கும் அளவு. கோச் குறைவாகப் பேச வேண்டும் என்று யார் எழுதியது என்று விசாரித்தேன், அம்மாதான். ஏன் அப்படி எழுதினாய் என்றால், "சின்ன வயசுல இருந்தே அவ ஜாஸ்திதான் பேசுவா. கேள்வித்தாள் அனுப்பிக் கேட்டா சொல்ல மாட்டேனா?" என்கிறாள்.

சரி, நிஜமான வாடிக்கையாளர் எப்படி இருப்பார் என்று எனக்கே ஆவல் வந்துவிட்டது. நம் தெரு முனை மருந்துக்கடையில் பில் போடும் பெண் வேறு வேலை தேடுகிறாள் என்று தெரியும், உன்னைப் பற்றிச் சொல்லாமல் அவளிடம் பேச்சுக் கொடுத்தேன். ஆறு மாதப் பயிற்சி என்றதும் இருமல் மருந்தை என் முன்னால் வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். இருபது நிமிடத் திட்டத்தைச் சொன்னேன், அதற்கும் மசியவில்லை. பிறகு என்னதான் வேண்டும் என்று கேட்டேன். "வெள்ளிக்கிழமை இன்டர்வியூன்னா வியாழக்கிழமை எனக்கு ஒரு ஆள் வேணும் சார். சனிக்கிழமை எப்படிப் போச்சுன்னு கேட்க அதே ஆள் வேணும். மத்த நாள்ல அவங்களை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்றாள். எனக்குப் பின்னால் நின்றவரும் ஆமாம் என்று தலையாட்டினார். ஒருத்தி சொன்னதை வைத்துத் தொழிலை மாற்று என்று சொல்ல மாட்டேன், அந்தத் தப்பை ஒரு முறை செய்தாயிற்று. ஆனால் அவளுக்கு உன்னைச் சந்தோஷப்படுத்த வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை, அதனால் அவள் பேச்சுக்கு எங்கள் ஏழு பேர் பேச்சைவிட மதிப்பு அதிகம். மீதி ஐந்து பேர் உண்மையானவர்கள், யாரென்று எங்களுக்குத் தெரியாது. அவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, எந்த நாளில் நீ வேண்டும் என்று கேட்டுப் பார். அதற்குப் பிறகும் ராஜினாமா செய்யத் தோன்றினால் செய், நான் தடுக்க மாட்டேன். தெரியாமல் செய்யாதே, அவ்வளவுதான்.

உன் புதிய இருபது நிமிடத் திட்டத்திலும் தொடர்ந்து வந்துகொண்டிருந்த நாங்கள் ஏழு பேரும் இன்றோடு விலகிக்கொள்கிறோம். என்னையும் சேர்த்து ஆறு பேர் உடனே சரி என்றோம், பெரியப்பாவுக்குக் கொஞ்சம் நிம்மதி என்றே நினைக்கிறேன். அம்மா மட்டும் மாட்டேன் என்கிறாள். இதில் உனக்கு என்ன கிடைக்கிறது, நீதான் வேலையே மாறப்போவதில்லையே என்று அவளிடம் கேட்டேன். போனைத் துடைத்துக்கொண்டே சொன்னாள், "அம்மாவா போன் பண்ணினா நாலு நிமிஷம் பேசுறா. கஸ்டமரா போனா இருபது நிமிஷம் முழுசா கேக்குறா. நேத்து என்ன செஞ்சீங்க, மனசு எப்படி இருக்குன்னு கேட்டா தெரியுமா?" விலகித்தான் ஆக வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். எடுத்த காரியம் எதுவானாலும் நிலைத்து நிற்கட்டும், என் ஆசிகள் எப்போதும் உண்டு. ராஜினாமாக் கடிதத்தை எழுதியிருந்தால் அனுப்பாமல் வை, அது கெட்டுப்போகாது. இனி நீலக்கடலுடைய செவ்வாய்க்கிழமை ஆறு மணி காலியாக இருக்கும். அதை யாருக்குக் கொடுக்கிறாய் என்பது உன் தொழில் விஷயம், நான் தலையிடவில்லை.

இப்படிக்கு,
உன் முன்னாள் வாடிக்கையாளர்,
அப்பா