ஜன்னலோரத்து பீர் பாட்டில்கள்

அம்மாவுக்கு சினேகா எழுதுவது. கைக் கொப்புளம் ஆறிடுச்சா? பெங்களூருக்கு யாராவது வந்தால் உங்க பழைய சேலை ஒன்று கொடுத்துவிடுங்க. போர்வை இருக்கிறது, ஆனாலும் வேண்டும்.

நான் வேலை செய்யும் வீட்டில், வீட்டுக்கார அண்ணனின் பீர் பாட்டில்கள் மேல் ஜன்னல் வெயில் விழுவதைப் பார்த்தேன். கம்பெனியில் நீங்க பட்டாசுப் பெட்டிகளை வெயில் படாமல் ஒதுக்கி வைப்பது ஞாபகம் வந்தது. யாரையும் கேட்காமல் பாட்டில்களை இருட்டு அலமாரியில் நிமிர்த்தி வைத்துவிட்டேன்.

சாயங்காலம் அவர் மனைவி நான்சி அக்கா, "பாட்டிலெல்லாம் எங்கே?" என்றார். திருடினதாக நினைத்து வேலையை விட்டு அனுப்பிவிடுவாரோ என்று பயம். அலமாரியைத் திறந்து காட்டினேன்.

"வெயில் பட்டா பீர் நாறிடும்னு சொன்னா அவர் கேக்கவே மாட்டார். உனக்கு யாரு சொன்னா?"

"எங்கம்மா."

"அவங்க பீர் குடிப்பாங்களா?"

"இல்லக்கா, பட்டாசு அடுக்குவாக."

அக்கா சிரித்தார். எனக்கு உங்களை நினைத்துப் பெருமையாக இருந்தது. ஜன்னலோரம் இருந்த நல்லெண்ணெய் பாட்டிலையும் எடுத்து உள்ளே வைத்தேன்.

சினேகா