மூணு தடவைதான், டாக்டர்

ஜார்ஜ் டவுன்,
22 ஏப்ரல் 2025

அன்புள்ள மிஷெல் அப்பாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் மிஷெலும் நலம். உங்கள் நலத்தைக் கேட்கப்போவதில்லை. கேட்டால் "ஓகே லா" என்பீர்கள்.

காலையிலிருந்து பதினொரு முறை போன் செய்தேன். ஒரு முறை எடுத்து, "ஃபேக்டரியில சத்தம், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டீர்கள். வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரல் படம் வருகிறது. அதனால்தான் இந்தக் கடிதம். பக்கத்து வீட்டு சோமு அண்ணன் மதியம் இதை எடுத்துக்கொண்டு காரில் ஜோகூருக்குக் கிளம்புகிறார். உங்களை அவசரப் பிரிவில் சேர்க்காமல் திரும்பக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். அவரிடம் சண்டை போடாதீர்கள்.

போன வியாழக்கிழமை உங்கள் குடல் டாக்டர் நோர்மா நிதானமாகத்தான் கேட்டார்: ஒரு நாளைக்கு எத்தனை முறை வெளிக்குப் போகிறீர்கள், ரத்தம் வருகிறதா, தூக்கத்தில் எழ வேண்டியிருக்கிறதா? நீங்கள் சிரித்துக்கொண்டே, "மூணு தடவைதான், டாக்டர். ரத்தம் லேசா" என்றீர்கள். கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு பக்கத்தில் இருந்த நான் வாயைத் திறந்தேன். என் கையை அழுத்தினீர்கள். நாடித்துடிப்பு நூற்று நான்கு என்றதற்கு, படி ஏறி வந்தேன் என்றீர்கள். நாம் லிஃப்டில் வந்தோம். காய்ச்சல் தெரியக்கூடாது என்று கிளம்பும் முன்பே பனடோல் மாத்திரை போட்டதையும் பார்த்தேன்.

பாத்ரூம் சுவருக்கு இந்தப் பக்கம்தான் நான் படுத்திருக்கிறேன், பெர்னார்ட். புதன்கிழமை ஒன்பது முறை. சனிக்கிழமை பத்து காவான் ஊரில் இருக்கும் லினெட் அக்கா வீட்டுக்குப் போனபோது, கடல் பாலம் முடிவதற்குள் உங்கள் முகம் வெளுத்துவிட்டது. இறங்கியதும் பெட்ரோல் நிலையக் கழிப்பறை. திரும்பும்போது இன்னொன்று. மறுநாளே வேலைக்கென்று ஜோகூர் கிளம்பிவிட்டீர்கள். யாரை ஏமாற்றுகிறீர்கள்?

இன்று காலை டாக்டரே கூப்பிட்டார். உங்கள் எண்ணில் பதில் இல்லையாம். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் ஒன்பது புள்ளி எட்டுக்கு இறங்கியிருக்கிறது. மூன்று முறை போகிறவருக்கு இப்படி இறங்காதே, உண்மையில் எத்தனை என்று கேட்டார். சொல்லிவிட்டேன். ஒன்பது, பத்து. ஒவ்வொரு முறையும் ரத்தம். ராத்திரியில் மட்டும் மூன்று.

நான்குக்குக் குறைவாக இருந்தால் குடல் அழற்சி லேசானது; ஆறோ அதற்கு மேலோ ரத்தத்தோடு போய், கூடவே காய்ச்சலோ, வேகமான நாடியோ, ரத்தக் குறைவோ ஒன்று இருந்தாலே கடுமையானது என்றார். உங்களுக்கு மூன்றுமே இருக்கிறது. இது மாத்திரையோடு வீட்டில் இருக்கிற நிலை இல்லையாம். குடல் வீங்கி ஓட்டை விழக்கூடுமாம். நீங்கள் சொன்ன ஒரு பொய் எண்ணை நம்பி, பழைய மாத்திரையையே எழுதிக் கொடுத்தோமே என்று அவர் வருந்தினார். எனக்கு வெட்கமாகிவிட்டது.

காலில் மாவுக்கட்டு இல்லாவிட்டால் நானே வந்து உங்கள் காதைப் பிடித்து இழுத்துப் போயிருப்பேன். இந்தக் கடிதத்தை அங்கே டாக்டரிடம் கொடுங்கள். எண்கள் எல்லாம் இதில் இருக்கின்றன. மாதா உங்களைக் காக்கட்டும். உண்மையைச் சொல்ல வாயும் தரட்டும்.

ஜூலியானா

ஜோகூர் பாரு,
25 ஏப்ரல்

அன்புள்ள ஜூலி,

படுத்துக்கொண்டே எழுதி, படம் எடுத்து அனுப்புகிறேன். கையெழுத்தைப் பொறுத்துக்கொள்.

சோமு அண்ணன் வாசலிலேயே நின்றார், செருப்புப் போடக்கூட விடவில்லை. உன் கடிதத்தை மலாய் டாக்டர் ஐமான் ஒரு தமிழ் நர்ஸை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பனடோல் வரைக்கும் வாசித்தாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றே நரம்பில் ஸ்டீராய்டு ஏற்றத் தொடங்கினார்கள். இரண்டு நாள் தாமதித்திருந்தால் நேரே ஆபரேஷன்தான் என்றார்.

நீ கால் ஒடிந்து கிடக்கிறாய். நானும் படுத்தால் வீட்டை யார் பார்ப்பது என்றுதான் அப்படிச் சொன்னேன். முட்டாள்தனம்தான். திட்டு.

கட்டிலில் ஒரு தாள் மாட்டியிருக்கிறார்கள். போகும்போதெல்லாம் நானே குறிக்க வேண்டும். முதல் நாள் பத்து. நேற்று ஏழு. இன்று சாயங்காலம் வரை நான்கு, இரண்டில்தான் ரத்தம். மருந்துக்குக் கேட்கிறது என்கிறார் டாக்டர். ஆனாலும் நாளை மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்துத்தான் உறுதியாகச் சொல்வாராம்.

காலை ஒன்பது மணிக்கு வருவார். அப்போது உனக்குப் போன் போட்டு அவர் கையில் கொடுக்கிறேன். என்னை முந்திக்கொண்டு நீயே பேசு, ஜூலி.

உன்
பெர்னார்ட்