ஈரத்துணிக்கு ஒரு விளக்கம்

அன்புள்ள மகளே,

நீ பாடம் நடத்துவதைப் பார்வையிட வந்த நான் கோபித்துக்கொண்டு வகுப்பிலிருந்து வெளியேறினேன் என்று பள்ளிக் குழுவில் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. நான் எழுந்து நின்றேன். மணியடித்ததும் வெளியே வந்தேன்.

தமிழ், ஆங்கிலம் என்று இரண்டு மொழியில் நடத்தினால் இரண்டுமே வராது, மதிப்பெண் சரியும் என்று குழுவில் வாதாடியவள் நான்தான். அதன் பிறகு உனக்கு வீட்டுக்கு வர நேரம் கிடைக்கவில்லை.

காற்றில் ஈரத்துணி ஏன் சீக்கிரம் காய்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டாய். அறிவியலில் தேறாத அந்த ரெட்டைச்சடைக்காரி எழுந்து ஆங்கிலச் சொல் தேடினாள்.

"வர்ற மொழியில சொல்லும்மா" என்றாய்.

"துணிய ஒட்டியிருக்கிற ஈரக்காத்த வெளிக்காத்து தள்ளிட்டுப் போயிடுது டீச்சர். அப்பதான் மிச்ச ஈரமும் வெளிய வரும்."

பக்கத்துப் பெண் அதை ஆங்கிலத்தில் சொன்னாள். இவள் விடவில்லை.

"ஏய், ஈரக்காத்தத் தள்ளுறதையே முழுங்கிட்டியேடி!"

பிறகு தானே ஆங்கிலத்தில் முழுவதையும் விளக்கினாள். தடுமாறினாள், ஆனால் காரணம் ஒன்றுகூட விடுபடவில்லை.

மதிப்புக்குரியவர் முன்னால் உட்கார்ந்திருக்கக் கூடாது என்று கான்வென்டில் பழக்கியிருந்தார்கள். அதனால்தான் எழுந்தேன். அவள் வயதில் நான் பிழையில்லாமல் ஒப்பித்துப் பரிசு வாங்கியவள். துணி ஏன் காய்கிறது என்று யோசித்ததே இல்லை.

உன் இருமொழி வகுப்பை மூடுவதா என்று திங்கட்கிழமை குழுவில் முடிவெடுக்கிறார்கள். பார்த்ததைச் சொன்னால் மகளுக்காகப் பேசுகிறேன் என்பார்கள். அந்தப் பேச்சு உன்னையும் சுடும். நான் பேசட்டுமா, வேண்டாமா? போனில் சொல்லாதே. எழுதிப் பதில் அனுப்பு.

அம்மா