சிவப்பு வெளிச்சம் வராத இரண்டு நாள்

இதனால் மாத்தளை மாவட்டத்தின் சகல பொதுமக்களுக்கும் அறியத் தருவது என்னவென்றால், இன்று காலை எனது கீழுதட்டின் உட்புறத்தில், அரிசி மணி அளவில், புண் ஒன்று ஜனனமாகியுள்ளது. பாணோடு தொட்டுக்கொண்ட லுணுமிரிஸ் சம்பலின் உறைப்புப் பட்டதும் வீறிட்டுக் கத்தியது குழந்தையல்ல, தகப்பனாகிய நான். "தேன் பூசுடா" என்றார் அம்மா. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார். அவருக்கும் உன் ஞாபகம்தான், அக்கா.

நீ போய் எட்டு மாதம். வீட்டில் ரேடியோ இருக்கிறது, டீவி இருக்கிறது. சத்தம்தான் இல்லை.

டவுனில் டெலிபோன் கடையில் வேலை பார்த்தவள் நீ. கோல் எடுக்க வந்தவர்கள், எடுத்து முடித்த பிறகும் உன்னோடு பேசிக்கொண்டு நிற்பார்கள். நாலந்தா செக்பொயின்டில் நம் பையைக் கிளறிய ஆமிக்காரரைக்கூடச் சிங்களத்தில் பேசிச் சிரிக்க வைத்தாய். இரத்தப் புற்று என்று சென்னைக்குக் கொண்டுபோனபோது டொக்டரிடம் நீ கேட்ட முதல் கேள்வியே, "இதெல்லாம் செஞ்சா எனக்குப் பேச முடியுமா டொக்டர்? பேசாம இருந்தா அதுலயே செத்துருவேன்" என்பதுதான்.

மஜ்ஜை கொடுத்தவன் நான். எலும்புக்குள் இருந்ததைக் கொடுத்தேன், குறும்பை மட்டும் வைத்துக்கொண்டேன், ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, ஆஸ்பத்திரியையே சிரிக்க வைத்தேன் என்று ஸ்கூல் முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

அம்மா வாடகை அறையில் கஞ்சி காய்ச்சுவார். பகலில் உனக்குத் துணை நான். மஜ்ஜை ஏற்றுவதற்கு முன் கொடுத்த மருந்து வாயின் உட்தோலையும் வேகவைத்துவிடுமாம். அதைத் தடுக்கத் தினமும் பத்து மணிக்கு ஒரு பெண் சின்ன மெஷினைத் தள்ளிக்கொண்டு வருவார். உனக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, பேனை போன்ற ஒன்றின் நுனியில் எரியும் சிவப்பு வெளிச்சத்தை உதடு, கன்னம், நாக்கின் ஓரம் என்று இடம் இடமாக வைத்து எடுப்பார். அரை மணி நேரம்.

"புண்ணே இல்லியே, எதுக்குங்க?" என்று கேட்டாய்.

"வராம இருக்கத்தாம்மா. ஒரு நாள்கூட விடக் கூடாது. வாயை நல்லாத் தொறங்க."

"இதுக்கு மேல தொறந்தா உள்ளுக்கு மாத்தளை பஸ் ஸ்டாண்ட் தெரியும்."

உன் வாய் செவ்வாய் ஆகிவிட்டது, ஆனால் இன்றைக்குப் புதன் என்றேன் நான். நீ சிரித்து வாயை மூட, இரண்டு பேரும் ஏச்சு வாங்கினோம்.

மஜ்ஜை ஏற்றிய பிறகு இரண்டு நாள் மெஷின் வரவில்லை. "பழுதாம்" என்றேன். அந்த இரண்டு நாள் காலையிலும் நீ ஓயாமல் கதை சொன்னாய். மூன்றாம் நாள் மெஷின் வந்தது. அந்தக் கிழமை முடியுமுன் உன் வாய் முழுக்கப் புண். எச்சில் விழுங்கவே அழுதாய். வெளிச்சம் வைத்தாலும் சிலருக்கு வரும் என்றார் டொக்டர்.

என் கொப்பியில் எழுதிக் காட்டினாய்: "நீ பேசு, நான் கேக்குறேன்." பகல் முழுக்கப் பேசினேன். பதில் வராத பகிடி ஒவ்வொன்றும் சுவரில் அடித்த பந்து மாதிரி என்னிடமே திரும்பி வந்தது. இன்னொரு நாள், "அந்த மெஷின் பழுதாகாம இருந்திருந்தா?" என்று எழுதினாய். "சனியன் பிடிச்ச மெஷின்" என்றேன். பிறகு காய்ச்சல் வந்தது. ஒரு வார்த்தை பேசாமலே போய்விட்டாய்.

மெஷின் பழுதாகவில்லை, அக்கா. அந்தப் பெண் இரண்டு நாளும் பத்து மணிக்கு வந்தார். "அக்கா வாந்தி எடுத்துட்டு இப்பதான் தூங்குறாங்க, நாளைக்கு வாங்க" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பியது நான். மூன்றாம் நாள் அவர் "வாந்தி நின்னுச்சா?" என்று கேட்டபோது நீ சும்மா தலையாட்டினாய். உனக்குத்தான் தினமும் வாந்தியாயிற்றே.

அந்த ஊரில் எனக்குப் பேச்சுத் துணைக்கு நீ ஒருத்திதான் இருந்தாய். நீ வாயைத் திறந்துகொண்டு பேசாமல் கிடக்கும் அந்த அரை மணி நேரம் எனக்குப் பயமாக இருந்தது.