மூடியது போய்ச் சேரும் வரை

செவ்வாய்க்கிழமை, இரவு.

இன்று என் வீட்டுக்காரரை அடக்கம் பண்ணினோம். குவைத்தில் வேலை செய்யும் மகளுக்கு வரக் கிடைக்கவில்லை. பசறை டவுன் ஸ்டூடியோக்காரர் கேமரா வயரை என்கோடர் என்ற சின்னக் கருவியில் மாட்டினார். அது படத்தை எங்கேயோ இருக்கிற கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட்டில் அனுப்ப, அங்கிருந்து வருவதை அவள் குவைத்தில் பார்த்தாள்.

பெட்டியை மூடினோம். அப்புறமும் என் காதில் இருந்த போனில் அவள் கெஞ்சினாள்: "அப்பா மொகம் நல்லா தெரியுது. மூடிறாதீங்கம்மா."

திகைத்துப்போனேன். "படம் கொஞ்சம் பிந்தித்தாங்க போகும்," என்றார் ஸ்டூடியோக்காரர்.

இங்கே மூடிய முகம் அங்கே திறந்திருக்கிறது. கடவுளே, என்ன அதிசயம் இது!

"அண்ணி, மழை வருது, தூக்கவா?" என்றார் கொழுந்தனார்.

"இருங்க தம்பி. அவ இன்னும் பாத்துக்கிட்டு இருக்கா."

"மூடிட்டீங்களேம்மா" என்று அவள் அழுத பிறகுதான் தூக்க விட்டேன்.